ஒரு ரிங்தான் கணக்கு

மிஸ்டு கால் என்று ஒன்றை முதன்முதலில் கொடுத்தவர் யாரோ, நம் ஊர்ப் பெண்கள் சேர்ந்து அவருக்கு ஒரு பொங்கல் வைத்தாலும் தகும். காசு செலவில்லாமல் ஆளை ஆள் கூப்பிட்டுக்கொள்ள வேறு வழி ஏது? பால்காரர் வாசலுக்கு வந்தால் ஒரு ரிங், பள்ளிக்கூட வேன் முக்குத் திரும்பினால் ஒரு ரிங், கரண்டு வந்து மோட்டார் ஓட ஆரம்பித்தால் தோட்டத்திலிருந்து ஒரு ரிங். நம் ஜனங்களுக்குப் பாதிப் பேச்சு எடுக்காத போனில்தான் நடக்கிறது. வெண்ணந்தூர்த் தமிழ்ச்செல்வியின் குடித்தனமே இரண்டு வருஷமாக அந்த ஒற்றை ரிங்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் இளவழகன் ரிக் வண்டியில் டிரில்லர். பூமியில் நூற்றுக்கணக்கான அடி துளை போட்டுத் தண்ணீர் காட்டுகிற வேலை. இங்கே போர் போட்டுப் போட்டுப் பூமியே சல்லடையாகிவிட்டதில் வண்டிகளுக்கு வேலை குறைந்தது. திருச்செங்கோட்டு முதலாளி தன் ரிக்கைக் கப்பலில் ஏற்றித் தான்சானியாவுக்கு அனுப்பினார், கூடவே ஆட்களையும் அனுப்பினார். மகள் கனிஷ்காவை நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்திருந்த நேரம் அது. அந்த ஹாஸ்டலைப் பற்றிச் சொன்னால் எனக்கு வாய் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் தவிர பெற்றவள் பிள்ளையோடு பேச முடியாது, ஜெயிலில் இருப்பவனையாவது மனுப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் மார்க்கு வாங்க வைக்கிறார்களாம், எல்லாரும் அங்கேதான் போய் விழுகிறார்கள். இளவழகனும் மகளுக்காகத்தான் கப்பல் போன திசையில் விமானம் ஏறினார்.

வேலை நடப்பது காட்டுக்குள். வாட்ஸ்அப்பெல்லாம் டவுனுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்கும். மற்ற நாளில் அவரிடம் இருந்தது ஒரு பட்டன் போன், அதில் ஊசலாடும் ஒரு சிக்னல். அங்கே விடிந்து வேலை தொடங்கும்போது இங்கே பத்து மணி டீ. அந்த நேரத்துக்கு அவர் ஒரு ரிங் கொடுப்பார். தமிழ்ச்செல்வி தறிக்குடோனில் நிற்பாள். சேலைக்கு மேல் இளவழகனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, அதன் பையில் போனைப் போட்டிருப்பாள். அத்தனை தறி ஓடுகிற இரைச்சலில் இடி இடித்தாலும் காதில் விழாது. நெஞ்சோரம் போன் ஒரு நடுக்கம் நடுங்கி அடங்கும். அவள் தன் பங்குக்கு ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணுவாள். இரண்டு பேரும் எடுக்க மாட்டார்கள். நான் நல்லாயிருக்கேன், நீயும் நல்லாயிருக்கே, அவ்வளவுதான். அதற்குப் பிறகு குடிக்கிற டீ அவளுக்குச் சர்க்கரை குறைவாக இருந்தாலும் இனிக்கும்.

இந்த ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் இளவழகன்தான். புறப்படுகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒரு ரிங் வந்தா நல்லாயிருக்கேன்னு வெச்சுக்க புள்ள. எடுத்துராத, எடுத்தா எனக்குக் காசு போயிரும். ஒருவேள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயி, நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்துச்சுன்னா..."

தமிழ்ச்செல்வி அவர் வாயைப் பொத்திவிட்டாள்.

"நல்லதுக்கு மட்டும் குறி வெச்சாப் போதுமுங்க. கெட்டதுக்கு எதுக்குக் குறி? வெச்சாத்தானே வரும்?"

வெளியே கிளம்பும்போது போறேன் என்று சொல்லாமல் வாரேன் என்று சொல்கிற ஜனம் நாம். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், அமர்த்து என்போம். அவள் மட்டும் எப்படிக் கெட்டதற்கு ஒரு அடையாளம் வைத்துக்கொள்வாள்? இளவழகனும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். ஆக, நன்றாக இருப்பதற்கு ஒரு ரிங். நன்றாக இல்லாததற்கு ஒன்றுமே இல்லை.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. போன மார்கழியில்தான் முதல் அடி விழுந்தது. ஒரு நாள் டீக்கு முன்னாலேயே போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தாள், வெளிநாட்டு நம்பர், முன்னால் 2 இருந்தது. இன்றைக்கு மனுஷன் வெள்ளனே வேலைக்குப் போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, வழக்கம்போல ஒரு ரிங் திருப்பிக் கொடுத்தாள். முழு ரிங் கூடப் போகவில்லை, அந்தப் பக்கம் டக்கென்று எடுத்துவிட்டார்கள். ஏதோ பாட்டு ஓடியது. அவரோ, அவர் பக்கத்து ஆளோ என்று இரண்டு மூன்று தடவை ஹலோ ஹலோ என்று கேட்டாள். அப்புறம் போனே செத்துவிட்டது. வெளிநாட்டுக்கு என்று போட்டு வைத்திருந்த பேலன்ஸ் அத்தனையும் வழித்துத் துடைத்தாற்போல் போயிருந்தது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் வேல்முருகனிடம் போய் நின்றாள். அவன் நல்ல பையன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நம்பரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். இதுவே ஒரு தொழிலாம். எங்கிருந்தோ ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவார்களாம், யாரோ என்று நாம் திருப்பிக் கூப்பிட்டால் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று நம் காசு அங்கே போகுமாம். ஊர் உலகத்தில் திருட எவ்வளவோ இருக்க, புருஷன் பெண்டாட்டி கொடுத்துக்கொள்ளும் ஒற்றை ரிங்கிலா வந்து கை வைப்பார்கள்?

வேல்முருகன் அவளுக்குப் பாடம் எடுத்தான். ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு கோடு உண்டு. நமக்கு 91, அண்ணன் இருக்கும் தான்சானியாவுக்கு 255. நம் எஸ்டிடி கோடு மாதிரிதான் என்றான். எஸ்டிடி கோடு அவளுக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு முன் ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் போன் போட்டுக் கொடுக்கும் வேலைதான் பார்த்தாள். நாமக்கல் 04286, ராசிபுரம் 04287, திருச்செங்கோடு 04288 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

"இனிமே முன்னாடி 255 இருந்தா மட்டும் திருப்பி அடிங்க்கா. சூதானமாப் பாருங்க, அவனுங்க ஒரே ஒரு நம்பர மட்டும் மாத்தி, நம்ம ஆளு நம்பர் மாதிரியே உடுவானுங்க. வேற எது வந்தாலும் இப்புடிப் புடிச்சு பிளாக்குல போட்டுருங்க" என்று செய்தும் காட்டினான். தான்சானியாவுக்கு மட்டும் குறைந்த காசில் பேசுகிற பேக் ஒன்றும் போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு தமிழ்ச்செல்வி சூடு கண்ட பூனையானாள். 255 என்று தன் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ரிங் கொடுப்பாள்.

தை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். பத்து மணி டீக்குப் போன் நடுங்கவில்லை. சிக்னல் இருக்காது என்று நினைத்தாள். மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள், நேரமும் தப்பிப் பதினோரு மணி சுமாருக்கு நெஞ்சோரம் நடுக்கம் வந்தது. ஆசையாக எடுத்துப் பார்த்தால் 265. ஒரே ஒரு நம்பர் மாற்றம். வேல்முருகன் சொன்னது அப்படியே இருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரமும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. இந்தத் தடவை ஏமாறவில்லை பார். அங்கேயே நின்று அதைப் பிடித்து பிளாக்கில் போட்டாள்.

பக்கத்துத் தறி அத்தாயியிடம் காட்டி, திருடன் எங்கூட்டுக்காரரு நம்பர் மாதிரியே வந்தான் பாருங்க, கண்டுபுடிச்சுட்டேன் என்று சொல்லிச் சிரித்தாள். அத்தாயி மூத்தவள், போனில் பச்சை சிவப்பு தவிர ஒன்றும் அறியாதவள். நீ படிச்சவ சாமி என்று மெச்சிக்கொண்டாள். அந்த மெச்சல் இப்போதும் தமிழ்ச்செல்வியின் காதைவிட்டுப் போகவில்லை.

255 வரவேயில்லை. இவளாக ரிங் விட்டுப் பார்த்தால் ஸ்விட்ச் ஆஃப் என்று இங்கிலீஷிலும் இன்னொரு பாஷையிலும் ஒருத்தி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பும் வரவில்லை. மகள் ஹாஸ்டலிலிருந்து பேசும்போது அப்பா எப்படியிருக்காரு என்று கேட்டாள். நல்லாயிருக்காரு சாமி, நீ படி என்று சொல்லிவிட்டுத் தமிழ்ச்செல்வி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். யாரைக் கேட்பது, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. பக்கத்து ஊரென்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். ஆப்பிரிக்காவுக்கு எந்த ஸ்டாண்டில் பஸ் நிற்கிறது?

மனசு கேட்காமல் ரிக் முதலாளியின் மேனேஜர் சரவணக்குமாருக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ வேலையில் இருந்தார், அவசர அவசரமாகச் சொன்னார்.

"தெரியாதாம்மா உனக்கு? அங்க வேல முடிஞ்சு வண்டி பார்டர் தாண்டி மலாவிக்குப் போயிருச்சே. ஆளுங்க எல்லாத்துக்கும் புது சிம்மு. இளவழகனுக்கு ரெண்டு மூணு நாளாக் காய்ச்சல், ஆஸ்பத்திரில சேத்திருக்குறாங்க. பயப்படாதம்மா, மலேரியாதான், அங்க எல்லாருக்கும் வர்றது. நம்பர் அனுப்புறேன், பேசிக்க."

நம்பர் வந்தது. 099 என்று தொடங்கியது. தமிழ்ச்செல்வி 255 போட்டு அதற்குப் பின்னால் அந்த நம்பரை முழுசாக அடித்தாள். நீங்கள் டயல் செய்த எண்ணைச் சரிபார்க்கவும் என்றது போன். மறுபடி அடித்தாள், மறுபடி அதையே சொன்னது. அந்த இயந்திரத்துக் குரலுக்குக் காய்ச்சலும் தெரியாது, கண்ணீரும் தெரியாது. சட்டையைக்கூடக் கழற்றாமல் வேல்முருகன் கடைக்கு ஓடினாள்.

வேல்முருகன் கேட்டுக்கொண்டான். மலாவி என்றால் தான்சானியாவுக்குப் பக்கத்து தேசம், கோடு வேறே என்றான். முன்னால் இருக்கும் சைபர் அந்த ஊருக்குள் பேசுவதற்கு, வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால் அதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவள் போனை வாங்கி அடித்தான். 265, அப்புறம் சைபர் இல்லாமல் நம்பர். கடைசி எண்ணை அழுத்தியதும் அவன் கை நின்றுவிட்டது.

"அக்கா, இந்த நம்பர் பிளாக்குல கெடக்குதுங்க்கா."

தமிழ்ச்செல்வி தன் விரல்களைப் பார்த்தாள். நாமக்கல்லுக்கு ஆறு, ராசிபுரத்துக்கு ஏழு. ஒரு எண் மாறினால் பக்கத்து ஊர். இதைத் தினம் தினம் சுழற்றிச் சுழற்றிப் பழகிய கைதானே இது? திருடன் என்றா நினைக்க வேண்டும், பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார் என்று ஏன் ஒரு நொடி தோன்றவில்லை? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். புருஷன் புது தேசத்தில் இறங்கியதும் முதல் வேலையாக ரிங் கொடுத்திருக்கிறார், கட்டினவள் அதைப் பிடித்துக் கதவைச் சாத்திவிட்டாள். வேல்முருகன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தான் சொல்லிக்கொடுத்த பாடம் அவனுக்கும் உறைத்திருக்கும்.

பிளாக்கை எடுத்துவிட்டான். ஆனால் அவள் போட்ட பேக்கு தான்சானியாவுக்கு மட்டும்தான். பார்டருக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் பத்து மடங்கு விலை. ஒரே காட்டில், ஒரே காற்றில் போகிற குரலுக்கு எல்லைக் கோட்டில் அப்படி என்ன பாரம் ஏறிவிடுகிறதோ, அந்தக் கம்பெனிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். கையில் இருந்ததையெல்லாம் கொடுத்து பேலன்ஸ் ஏற்றச் சொன்னாள்.

கால் போயிற்று. ஒரு பெண் எடுத்தாள், நர்ஸாக இருக்கும். அவள் பேசிய பாஷை புரியவில்லை. தமிழ்ச்செல்வி இளவழகன், இளவழகன் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் ஏதோ சொல்லிவிட்டு நடக்கும் சத்தம் கேட்டது, கதவு திறக்கும் சத்தம் கேட்டது, யாரோ இருமினார்கள். போகிற நொடியெல்லாம் காசு என்று தமிழ்ச்செல்விக்கு உள்ளே அடித்துக்கொண்டது. சீக்கிரம் நட தாயி, சீக்கிரம் நட. பிறகு குரல் வந்தது. கிணற்றுக்கு அடியிலிருந்து பேசுவது போல் இருந்தது.

"ஏன் புள்ள ரிங் குடுக்கல? எத்தன ரிங் உட்டேன். உனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு..."

"இல்லீங்க, நான் நல்லாத்தான் இருக்குறேன், அது வந்துங்க, நம்பரு..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே டொய்ங் என்றது. பேலன்ஸ் தீர்ந்துவிட்டது.

சொல்ல வேண்டியது அத்தனையும் வாயிலேயே நின்றது. காய்ச்சல் எப்படியிருக்கு, ஏதாவது சாப்பிட்டீங்களா, கூட யாரு இருக்குறாங்க என்று ஒன்றும் கேட்கவில்லை. திருடன்னு நெனச்சுட்டேனுங்க என்று சொல்லவில்லை. அவர் உடம்பில் காய்ச்சலை வைத்துக்கொண்டு இவளுக்கு என்ன ஆயிற்றோ என்று தவித்துக் கிடந்திருக்கிறார், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

வேல்முருகன் தன் காசில் மறுபடி பேலன்ஸ் ஏற்றினான். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. மறுபடி அடித்தால் லைன் கிடைக்கவில்லை. கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருந்தாள். டவுன் பஸ்கள் வந்தன, போயின. பொழுது சாயும் நேரத்தில் கால் போய்விட்டது, அந்தப் பக்கம் ரிங் கேட்டது. ஒரு ரிங் முழுதாகக் கேட்டதும் அவள் கட்டை விரல் தானாகப் போய்ச் சிவப்பை அழுத்திவிட்டது.

இரண்டு வருஷப் பழக்கம் அது. ரிங் போனால் கட் பண்ண வேண்டும், விரலுக்கு அவ்வளவுதான் தெரியும். ஐயோ என்று மறுபடி அடித்தாள். லைன் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் கிடைக்கவில்லை. தன் கையைத் தானே வெட்டிப் போடலாமா என்றிருந்தது அவளுக்கு.

வீட்டுக்குப் போகும் வழியில் மனசைத் தேற்றிக்கொண்டாள். ஏன் ரிங் குடுக்கல என்றுதானே கேட்டார்? கொடுத்தாயிற்றே. ஒரு ரிங் போயிருக்கிறது, போனில் என் நம்பர் விழுந்திருக்கும். செல்வி நல்லாயிருக்கா என்று அவருக்குப் புரியும், நிம்மதியாகத் தூங்குவார், தூங்கினால் காய்ச்சல் விட்டுவிடும். காலையில் அவர் ஒரு ரிங் கொடுப்பார். பேசக்கூட வேண்டாம் சாமி, அந்த ஒரு ரிங் வந்தால் போதும் என்று குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தாள்.

மறுநாள் தறிக்குப் போக வேண்டாம் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்தால் சுவர் நான்கும் நெருக்குகிறது என்று அவள் போனாள். அதே சட்டை, அதே பையில் போன். மலாவியில் விடிந்து வேலை தொடங்குவது நமக்குப் பதினோரு மணிக்கு என்று வேல்முருகன் சொல்லியிருந்தான். பத்து மணி டீயை அவள் தொடவில்லை. அறுந்த இழையை எடுத்து முடிவதும், சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பதுமாக நின்றாள். பக்கத்துத் தறியிலிருந்து அத்தாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணி சுமாருக்கு நெஞ்சோரம் நடுங்கியது.

தமிழ்ச்செல்விக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. இரைச்சலில் பேச முடியாதே, அத்தாயியைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். வந்துவிட்டது, ஒன்று வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையுமாக மூஞ்சி கோணியது. அத்தாயி மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

தூக்கிய விரல் தூக்கியபடி இருக்க, போன் மறுபடி நடுங்கியது. கட் ஆகிவிடும் என்று நின்றாள். ஆகவில்லை. இன்னொன்று நடுங்கியது, அதற்கு மேலும் ஒன்று நடுங்கியது. இளவழகன் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இரண்டாவது ரிங்குக்கு விட்டவர் இல்லை. அடிச்சுக்கிட்டே இருந்துச்சுன்னா என்று அன்றைக்கு அவர் சொல்ல வந்ததும், தான் வாயைப் பொத்தியதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. குறி வைக்காவிட்டால் வராது என்று நினைத்தாளே. வாய்க்குள் மடக்கி வைத்த அந்தக் குறி இப்போது அவர் சட்டைப் பைக்குள்ளேயே வந்து நின்று நடுங்குகிறது.

நிற்கட்டும், நின்றுவிடட்டும், எடுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துப் பையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அது நிற்கவில்லை. அத்தாயி ஓடிவந்து அவள் தறியை நிறுத்தினாள், தோளைப் பிடித்து வெளியே வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். போனை எடுத்தாள். 265.

பச்சையைத் தொட்டாள். நேற்றுப் பேசிய அதே பெண்ணின் குரல். நேற்றைப்போல அவசரமில்லை, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. அந்தப் பாஷையில் ஒரு வார்த்தையும் தமிழ்ச்செல்விக்குப் புரியவில்லை, நடுவில் இளவழகன் என்றது மட்டும் புரிந்தது. எடுக்காதே, காசு போயிரும் என்று சொல்ல அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்பதும் புரிந்தது.

"அவியகிட்டக் குடுங்க தாயி" என்றாள். "ஒரு நிமிசம் குடுங்க, நான் நல்லாயிருக்கேன்னு மட்டும் சொல்லிப்போட்டு வெச்சர்றேன்."

அந்தப் பெண் பேச்சை நிறுத்திக் கேட்டாள், அப்புறம் அதே பாஷையில், அதே மெதுவான குரலில், முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். தமிழ்ச்செல்வி போனை வைக்கவில்லை. அவியகிட்டக் குடுங்க, அவியகிட்டக் குடுங்க என்று அவளும் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டே இருந்தாள்.